கதையில் செத்தவருக்கு அழலாமா? நெல்லைச் சீமை வாசகர் கேள்வி பதில்

மாயக்கதைகளில் பிடித்த பாத்திரம் செத்துப்போன பிறகு எழுந்த கேள்விகள் இவை. ஹாரி பாட்டர், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ், கேம் ஆஃப் த்ரோன்ஸ் மூன்றிலும் யார் சாகிறார், எப்படிச் சாகிறார் என்பது பதில்களில் பச்சையாக வரும். வாசிக்காதவர்கள் இப்போதே கழன்றுகொள்ளலாம்.

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: அக்கா, ஹாரி பாட்டர் அஞ்சாவது புத்தகத்துல ஹாரியோட ஞானத்தகப்பன் சிரியஸ் செத்த இடத்தோட மூடி வச்சேன். திரும்பத் திறக்க மனசே வரல. "எவனோ எழுதுன கதைக்கா ஏட்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க"ன்னு அம்மா ஏசுதா. இது கிறுக்குத்தனமா?

கிறுக்கெல்லாம் இல்லை. கணக்குப் போட்டுப் பாரு. நீ வாசித்த ஐந்து புத்தகமும் சேர்த்து ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஏழு லட்சம் சொல். நிமிஷத்துக்கு 220 சொல் என்று வைத்தாலும் 53 மணி நேரம். அடுத்த தெருவில் இருக்கிற பெரியப்பாவோடு ஒரு வருஷத்தில் அவ்வளவு நேரம் பேசியிருப்பாயா? 1956-இல் ஹார்ட்டன், வோல் என்று இரண்டு பேர், திரையில் வருகிறவரோடு பார்க்கிறவருக்கு உண்டாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைக் கதைப் பாத்திரங்களுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். உறவு ஒருதலையாக இருந்தாலும் மனசு இழப்பை இழப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் நீ அழுததில் இல்லை, நிறுத்தின இடத்தில்தான். சிரியஸ் 35-ஆம் அத்தியாயத்தில் திரைக்குப் பின்னால் விழுகிறார். உடம்பு இல்லை, அடக்கம் இல்லை. புத்தகம் 38-இல் முடிகிறது. நடுவில்தான் ஹாரி தலைமையாசிரியர் டம்பிள்டோர் அறையில் கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு உடைக்கிறான். சிரியஸ் கொடுத்த, முகம் பார்த்துப் பேசுகிற மந்திரக் கண்ணாடியை எடுத்துக் கூப்பிட்டுப் பார்க்கிறான். ஆவியாகவாவது வருவாரா என்று பள்ளிக்கூடத்து ஆவியிடமே கேட்கிறான். கடைசியில் பள்ளித் தோழி லூனாவோடு பேசினதும் கொஞ்சம் தணிகிறான். உனக்கு வர வேண்டிய கோபமும் அழுகையும் எல்லாம் அங்கேதான் இருக்கு. நீ துட்டி வீட்டு வாசலோடு திரும்பி வந்துட்டே. மீதி மூன்று அத்தியாயத்தையும் ஒரே உட்காரலில் வாசி. ராத்திரி வேண்டாம், பகலில் வாசி.

ஏழாவது புத்தகத்தில் டாபி என்ற குட்டி மாயப்பிறவி சாகும்போது ஹாரி மந்திரக்கோலைத் தொடாமல் மண்வெட்டியால் தானே குழி வெட்டுகிறான். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதையில் போரோமிர் என்ற வீரன் செத்ததும் அவனைப் படகில் கிடத்தி ரௌரோஸ் அருவிப் பக்கம் ஆற்றோடு விட்டு, கூட வந்த அரகார்னும் லெகோலாசும் பாடுகிறார்கள். இந்த இரண்டு சாவுக்கும் ஆட்கள் அழுதுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். சிரியஸ் விஷயத்தில் மட்டும் வருஷக்கணக்காகப் பொருமுகிறார்கள் என்றால், பிரியம் கூடக்குறைய இருந்ததால் அல்ல. கதைக்குள்ளே துக்கம் கொண்டாட ஒரு சடங்கு இல்லை, அவ்வளவுதான்.

ஒரு தாய், மேலப்பாளையம்: மவனுக்குப் பத்து வயசு. நான் வாசிச்சுத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வாரேன். அடுத்தாப்ல டாபி சாவு வருது. எப்படிச் சொல்ல? தாண்டிப் போயிரவா?

தாண்டாதீங்க. பின்னால் வேறு யாராவது சொல்லி அவனுக்குத் தெரிய வரும். அம்மா மறைச்சுட்டா என்ற வருத்தமும் கூடச் சேரும்.

முதலில் நீங்கள் தனியாக ஒருதரம் வாசித்து முடியுங்கள். உங்களுக்குத் தொண்டை அடைக்கிற வரி எது என்று தெரிந்திருக்கணும். 23-ஆம் அத்தியாயத்தின் கடைசியில் சாவு, 24-இன் தொடக்கத்தில் அடக்கம். பலர் செய்கிற தப்பு, 23 முடிந்ததும் விளக்கை அணைத்துப் படுக்க வைப்பது. குழி வெட்டி, கல்லில் எழுதி வைக்கிற வரைக்கும் ஒரே மூச்சாகச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு சாயங்காலம் நல்லது. முடிந்த பிறகு அரை மணி நேரமாவது கையில் இருக்கட்டும்.

"கதைதானே, அழாத" என்று மட்டும் சொல்லாதீங்க. அழுவது தப்பு என்றுதான் பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும். டாபி செய்ததில் உனக்குப் பிடிச்சது எது, நீ அங்கே இருந்தா கல்லில் என்ன எழுதியிருப்பே என்று கேளுங்கள். படம் வரைய உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள். பதில் சொல்லாமல் விளையாடப் போனாலும் சரிதான். இந்த வயசில் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும். ரெண்டு நாள் கழித்துச் சோறு தின்னும்போது திடீரென்று கேட்பான்.

களக்காட்டிலிருந்து: எங்க ஊர்க் கொடையில முத்துப்பட்டன் கதையை வில்லுல பாடுவாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனாலும் பட்டன் சாவு வரும்போது அழாத ஆள் கிடையாது. முடிவு தெரிஞ்ச கதைக்கு எப்படி அழுகை வருது? அப்போ மாயக்கதையில முடிவைச் சொல்லுதவன் மேல ஏன் கோவப்படுதோம்?

நல்ல கேள்வி. முடிவு தெரிந்தால் போவது அதிர்ச்சி மட்டும்தான், துக்கம் போகாது. சொல்லப்போனால் கூடும். பட்டன் பொம்மக்கா, திம்மக்காவைக் கல்யாணம் முடிக்கிற இடத்திலேயே, மாடு களவாட வருகிற கூட்டத்தோடு மோதி அவன் சாகப்போகிறான் என்பது கேட்பவருக்குத் தெரியும். அதனால் கல்யாணப் பாட்டிலேயே கண் கலங்க ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டன் செத்ததும் புலவர் வீசுகோலைக் கீழே வைப்பதில்லை. பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள், சிவனிடம் வரம் கிடைக்கிறது, பட்டவராயனாகச் சொரிமுத்தய்யன் கோயிலில் வந்து அமர்கிறான். இன்றைக்கும் அங்கே செருப்பு காணிக்கை போகிறது. வாழி பாடித்தான் கதை முடியும். வெட்டுப்பட்டவனை அப்படியே விட்டுவிட்டு வில்லை அவிழ்த்தால் ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? இன்றைய மாயக்கதை எழுத்தாளர் பலர் இந்தப் பகுதியைத்தான் கத்தரித்துவிடுகிறார்கள்.

முடிவைச் சொல்வது பற்றி: அதிர்ச்சியையே நம்பி நிற்கிற சாவை, உதாரணமாக கேம் ஆஃப் த்ரோன்ஸ் வரிசையில் 2000-இல் வந்த மூன்றாம் பாகத்துச் சிவப்புக் கல்யாணத்தை (கல்யாண விருந்தில் நடக்கிற படுகொலை), முன்னாலேயே சொன்னால் பாதி போய்விடும். அப்படிச் சொல்கிறவன் மேல் கோபப்படலாம். போரோமிர் சாவைச் சொல்லிவிட்டான் என்று சண்டை போடாதீங்க. அதில் உங்களுக்கு ஒன்றும் குறையாது.

தென்காசித் தம்பி: கேம் ஆஃப் த்ரோன்ஸ்ல நெட் ஸ்டார்க் தலையை வெட்டினதும் புத்தகத்தை விட்டெறிஞ்சேன். ஆனா மறுநாளே எடுத்து வாசிச்சேன். வேற சில கதையில நாயகன் செத்ததும் சீன்னு போயிட்டு, திரும்பத் தொடவே இல்ல. என்ன வித்தியாசம்?

அழுகை எதனால் வரும் என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. மலிவான சாவில் இழவு மட்டும்தான் இருக்கும். நெட் விஷயத்தைப் பாருங்க. மானமே பெரிசு என்று இருந்தவன், மகள்களைக் காப்பாற்ற ஊர் முன்னால் நான் துரோகி என்று பொய்யாக ஒத்துக்கொள்கிறான். இளிவு வந்தாச்சு. ராஜாவுக்கு வலக்கையாக இருந்தவன் கைதியாக நிற்கிறான், அது அசைவு. இத்தனையையும் விழுங்கின பிறகும் தலை போகிறது. அதுவும் வாள் இறங்குவதை நாம் பார்ப்பதில்லை. கூட்டத்தில் நிற்கிற சின்ன மகள் ஆர்யாவின் கண்வழியாக அந்த அத்தியாயம் போகிறது. அவளையும் ஒருவன் பிடித்துப் பார்க்கவிடாமல் பண்ணிவிடுகிறான்.

நீங்கள் சீ என்று விட்ட கதைகளில் மூன்று விஷயம் தேடிப் பாருங்க. அந்தச் சாவு அந்தப் பாத்திரத்தின் குணத்தால் வந்ததா, ஆசிரியருக்கு வசதியாக வந்ததா? அடுத்த ஐம்பது பக்கத்தில் அந்த ஆள் இல்லாததால் எந்தக் காரியமாவது கெடுகிறதா? மற்றவர்கள் அந்தப் பேரை மறுபடி சொல்கிறார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கு.

புதிதாக எழுதுபவர், வள்ளியூர்: பொதிகை மலையை வச்சு மாயக்கதை எழுதுதேன். நாயகனோட தோழன் சாகுத இடம் எனக்கே அழுகை வருது. வாசிச்சவங்க "ம்ம், சரி"ங்காங்க.

தோழன் சாவதற்கு முன்னால் எத்தனை காட்சியில் வருகிறான் என்று எண்ணுங்க. ஐந்துக்குக் குறைந்தால் வாசகருக்கு அவன் இன்னும் அந்நியன்தான். அந்த ஐந்தில் குறைந்தது இரண்டு, கதையை நகர்த்தாத சும்மா காட்சியாக இருக்கணும்: சாப்பிடுவது, சண்டை பிடிப்பது, வாய்க்காலில் குளிப்பது. சாகிற அத்தியாயத்துக்கு நேர் முந்தின அத்தியாயத்தில் திடீரென்று அவன் குழந்தைப்பருவம், தாய்ப்பாசம் எல்லாம் கொண்டுவந்து கொட்டாதீங்க. அது பலியாட்டுக்கு மாலை போடுவது என்று எந்த வாசகருக்கும் தெரியும்.

முடியாத ஒரு காரியத்தை அவன் கையில் விட்டுவையுங்க. கொடுக்க வேண்டிய கடன், சொல்லாத மன்னிப்பு, ஏதாவது. சாகும்போது பேச்சு மூன்று வரிக்குமேல் போகக்கூடாது. போரோமிர் தான் மோதிரத்தைப் பிடுங்கப் பார்த்ததை ஒத்துக்கொண்டு சில வரியோடு முடிகிறான். நெஞ்சில் அம்பு தைத்தவன் ஒரு பக்கம் பேசினால் சிரிப்புதான் வரும். "துக்கம்", "கண்ணீர்", "இதயம் நொறுங்கியது" மூன்றையும் அந்த அத்தியாயத்திலிருந்து அடித்துவிடுங்க. பாத்திரங்கள் நிறைய அழுதால் வாசகருக்கு அழ வேலையில்லாமல் போய்விடும். உங்களுக்கு அழுகை வருவது அவனைப் பற்றி எழுதாமல் மனசில் வைத்திருப்பதையும் சேர்த்து. தாளில் இருப்பதை மட்டும் வைத்து, ஒரு மாசம் மூடிவைத்துவிட்டு மறுபடி வாசியுங்க.

சங்கரன்கோவிலிலிருந்து: செத்தவரை உயிரோட கொண்டு வந்தா ஏமாத்துதானே?

விலை கொடுத்து வந்தால் ஏமாற்று இல்லை. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மந்திரவாதி காந்தால்ஃப் திரும்பி வரும்போது பழைய ஆளாக வருவதில்லை. தன் பேரையே யோசித்துத்தான் நினைவுக்குக் கொண்டுவருகிறார். ஒன்றும் இழக்காமல் வந்தால், அந்தக் கதையில் அடுத்துச் சாகிற யாருக்கும் வாசகர் அழமாட்டார்.

அம்பாசமுத்திரம்: எல்லாரும் அழுத இடத்துல எனக்கு ஒண்ணுமே வரல. கல்நெஞ்சா?

இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வாசித்திருப்பீங்க, இல்லாவிட்டால் அந்தப் பாத்திரம் உங்களுக்கு ஒட்டவில்லை. சிலருக்கு ஒரு வாரம் கழித்துச் சம்பந்தமில்லாத இடத்தில் வரும். வராமலேயும் போகும்.

பேர் சொல்ல விரும்பாத ஒருவர்: போன வருஷம் அப்பா தவறிட்டாங்க. அப்போ அழுகை வரல. இப்போ டம்பிள்டோர் அடக்கத்தை வாசிச்சதுல இருந்து நிறுத்த முடியல. சாப்பாடு இறங்கல.

அந்த அழுகை டம்பிள்டோருக்கு மட்டும் இல்லை. அப்பாவுக்காகத் தேங்கி நின்றதும் அவர் வழியாக வருகிறது. இது நிறையப் பேருக்கு நடக்கும். தடுக்க வேண்டியதும் இல்லை. அப்பாவைத் தெரிந்த ஒருவரிடம் அவரைப் பற்றிப் பேசுங்க. புத்தகத்தைப் பற்றி இல்லை, அப்பாவைப் பற்றி. தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் இரண்டு வாரத்துக்குமேல் கெட்டிருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்க. செத்துப்போகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், இப்போதே 14416-க்குக் கூப்பிடுங்க. அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

நாங்குநேரியிலிருந்து: பைக்ல வேலைக்குப் போகும்போது ஆடியோ புத்தகமாக் கேக்கேன். சாவு அத்தியாயம் எப்ப வரும்னு தெரியாதே, என்ன செய்ய?

பைக்கில் எந்த அத்தியாயமும் வேண்டாம் தம்பி. நாலுவழிச் சாலையில் பின்னால் வருகிற லாரி ஹாரன் காதில் விழணும். பஸ்ஸில் போகிற அன்றைக்குக் கேளுங்க, ஜன்னலோர சீட்டாகப் பார்த்து.