நாட்டின் வடிவமைப்புக் கொள்கையில் ஒரு தொழிலதிபர் என்ன செய்ய முடியும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தையல் ஆலை நடத்தும் உங்கள் மாமாவை வடிவமைப்புக் கொள்கை பற்றிக் கருத்துச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள், போய் என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போகச் சொல்லுங்கள். "படைப்பாற்றலை வளர்க்க வேண்டும்" என்று பேசிவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. எந்தச் சட்டப் பிரிவு, அதற்கு மாற்று வாசகம் என்ன, இப்போதைய வாசகத்தால் ஆலைக்கு என்ன நட்டம் என்று நாலு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்நாட்டின் 1993-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தையே எடுங்கள். அழகு சார்ந்த வடிவத்துக்கு 15 ஆண்டு, பயன்பாடு சார்ந்ததற்கு 10 ஆண்டு பாதுகாப்பு. ஆனால் உரிமையாளர் சம்மதத்தோடு வடிவம் பொதுவெளிக்கு வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். சாம்பிளைக் கண்காட்சியில் மாட்டினாலும் இன்ஸ்டாகிராமில் போட்டாலும் அன்றே கணக்குத் தொடங்கிவிடும். ஆர்டர் வரட்டும், பிறகு பதியலாம் என்று காத்திருக்கும் சிறு ஆலைகள் இதில்தான் கோட்டை விடுகின்றன. பதிவு செய்யும் அரசு அலுவலகமான சிஐபிசியும் படிவம் சரியா என்று மட்டுமே பார்க்கும். வடிவம் உண்மையில் புதியதா என்று ஆராயாது. ஆகவே சான்றிதழ் கையில் இருந்தும் வழக்கில் தோற்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் உரிமை யாருக்கு என்பது. ஒருவருக்காக வடிவம் செய்து கொடுத்தால், செய்யச் சொன்னவரே உரிமையாளர் என்கிறது சட்டம். டர்பனிலும் நியூகாசிலிலும் பல பட்டறைகள் சிஎம்டி முறையில், கடைக்காரருக்காக வெட்டித் தைத்து முடித்துக் கொடுப்பவை. பேட்டர்ன் போடுபவர் கழுத்தையும் கையையும் புதிதாக அமைத்துக் கொடுத்தாலும், ஒப்பந்தத்தில் தனியே எழுதாவிட்டால் அது கடைக்காரர் சொத்தாகிவிடக்கூடும். 2019-இல் கையெழுத்தான ஆடைத் துறை மாஸ்டர் பிளான், 2030-க்குள் கடைகளில் விற்பதில் உள்நாட்டுச் சரக்கை 65 சதவீதமாக்க இலக்கு வைத்திருக்கிறது. வடிவ உரிமை தைப்பவர் பக்கம் வராவிட்டால் அதில் கூடுவது கூலி வேலைதான். ஒப்பந்தங்களில் வடிவ உரிமைப் பிரிவு கட்டாயம் என்பதையே மாமா முதலில் கேட்க வேண்டும்.

மேடையில் பொதுவாகப் பேசுவதற்கும் பயன் உண்டு, மறுக்கவில்லை. ரவி நாயுடு 1995-இல் தொடங்கிய டிசைன் இண்டாபா என்ற மாநாடு வடிவமைப்பைத் தொழிலாகப் பார்க்கப் பலரைப் பழக்கியது.

முதலாளிகள் கொள்கை எழுதினால் அவர்களுக்குத்தானே லாபம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நியாயமான பயம்தான். அதற்காகவே நெட்லாக் என்ற தேசிய ஆலோசனை மன்றம் இருக்கிறது. முக்கியப் பொருளாதாரக் கொள்கை மாற்றங்களை நாடாளுமன்றத்துக்குப் போகுமுன் அங்கே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள், சமூக அமைப்புகள் சேர்ந்து பேச வேண்டும். தனி ஆலைக்கு அங்கே நாற்காலி கிடையாது. துறைச் சங்கம் வழியாக, புசா போன்ற முதலாளிகள் கூட்டமைப்பு மூலமே போக முடியும்.

கேள்விக்கு வெளியே ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. தைப்பூசக் காவடிபோல் கையால் ஒவ்வொன்றாகச் செய்யும் பொருளுக்கு இந்தச் சட்டத்தில் பதிவு இல்லை. ஆலையில் பலபடி எடுக்கும் பொருளுக்கே உண்டு. நம்மவர்களும் பூவுக்கும் மயிலிறகுக்கும் காசு கொடுத்துவிட்டுக் கைவேலைக்குப் பேரம் பேசுகிறார்கள். மனம் வெந்துபோகிறது.

கடைசியாக, சங்கக் கூட்டத்தில் எச்சரிக்கை தேவை. போட்டியாளர்கள் விலை பேசி வைத்துக்கொள்வதை 1998-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். தையல் கூலி, விலை என்று பேச்சுத் திரும்பினால் மாமா எழுந்து வந்துவிட வேண்டும். வெளியேறிய நேரத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதவும் சொல்ல வேண்டும்.