காணாமல் போன பதினான்கு கட்டுரைகள் – கடிதம்

வணக்கம் ஐயா,

நான்கு வருடமாக ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளராக இருக்கிறேன். நான் தொடர்ந்து எழுதிவந்த இணைய இதழைப் போன மாதம் மூடிவிட்டார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது தளமே திறப்பதில்லை. என் பதினான்கு கட்டுரைகள் அதோடு போய்விட்டன. கடைசி இரண்டுக்குப் பணமும் வரவில்லை. வேறு இதழ்களுக்கு எழுதிப் போட்டால் பெரும்பாலும் பதிலே இல்லை. இரவுப்பணி செய்யும் செவிலியர்களைப் பற்றி எழுத நினைத்து மூன்று பேரிடம் விரிவாகப் பேசி வைத்திருக்கிறேன். அதையும் நான்கு ஆசிரியர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். “ஏஐ ஒரு நிமிடத்தில் எழுதித் தருவதற்கு நீ ஏன் ஒரு வாரம் அலைகிறாய்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்தத் தொழிலில் நான் இன்னும் இருக்கலாமா?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்தப் பதினான்கு கட்டுரைகளைப் பார்ப்போம். மற்றதெல்லாம் பொறுக்கும், இது பொறுக்காது. பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் தளம் ஒன்று இருக்கிறது, இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷின். அதில் பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். முகவரி கையில் இல்லையென்றால், கட்டுரை வெளியானபோது யாருக்காவது லிங்க் அனுப்பியிருப்பீர்கள், அந்தச் செய்திகளைத் தேடுங்கள். கிடைத்ததையெல்லாம் பிடிஎஃப் ஆக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். 2024 ஜூனில் எம்டிவி நியூஸ் தளத்தில் இருபது ஆண்டுக்கும் மேலாகச் சேர்ந்திருந்த கட்டுரைகள் திடீரென்று எடுக்கப்பட்டன. அங்கே எழுதியவர்களும் உங்களைப் போலத்தான் தங்கள் எழுத்தைத் தேடி அலைந்தார்கள். அச்சுப் பத்திரிகை மூடினால் ஏதாவது நூலகத்தில் பழைய இதழ் மிஞ்சும். இணைய இதழில் சர்வருக்குக் கட்டணம் கட்டுவது நின்றால் எல்லாம் போய்விடும். அதனால் இனிமேல் கட்டுரை வெளியான அன்றைக்கே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். முதல் வெளியீட்டு உரிமை மட்டும் கொடுத்திருந்தால் கட்டுரைகள் உங்களுடையவை, வேறு இடத்தில் தாராளமாக வெளியிடலாம். இந்த உரிமைக்காகச் சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் சிலர், தங்கள் அச்சுக் கட்டுரைகளைத் தங்களைக் கேட்காமல் மின்தரவுத்தளங்களுக்குக் கொடுத்ததற்காக 1993-இல் நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டார்கள். 2001-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்களை நீட்ட ஆரம்பித்தன. நீங்கள் கையெழுத்துப் போட்டது அப்படிப்பட்ட ஒன்றா என்று பாருங்கள்.

ஆசிரியர்கள் பதில் போடாததை உங்கள் எழுத்தின்மேல் வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளை முன்னுக்குக் கொண்டுவந்து செய்தித் தளங்களின் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளியது. 2024 மே முதல் கூகுள் தேடல் பக்கத்தின் தலையிலேயே ஏஐ சுருக்கத்தை வைக்கத் தொடங்கியது. சுருக்கத்தைப் படித்தவர் உள்ளே வராமலே போய்விடலாம். ஆள் வராவிட்டால் விளம்பரம் இல்லை. கையைக் கடிக்கும்போது முதலில் வெட்டப்படுவது வெளியாட்களுக்கு ஒதுக்கிய பணம்தான்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. சும்மா கோபப்பட்டு ஒதுக்கக் கூடாது.

2025 ஆகஸ்டில் வெளியே வந்த ஒரு விவகாரம். ‘மார்கோ பிளான்சார்ட்’ என்ற பெயரில் ஒருவர் பல இதழ்களுக்கு எழுதியிருந்தார். வயர்டு, பிசினஸ் இன்சைடர் உட்படப் பல இடங்களில் அந்தக் கட்டுரைகளை நீக்கினார்கள். ஏஐ எழுதியதாகத் தெரிந்தது, அந்தப் பெயருக்குப் பின்னால் அப்படி ஒரு பத்திரிகையாளரும் இல்லை. அதே பெயரில் வேறொரு இதழாசிரியருக்கு ஒரு கட்டுரை யோசனையும் போயிருந்தது. கொலராடோவில் கிரேவ்மான்ட் என்று கைவிடப்பட்ட சுரங்க ஊர், அதற்குள் ஒரு ரகசியப் பயிற்சி நடக்கிறது என்று. நடையெல்லாம் அழகாக இருந்தது. அந்த ஆசிரியர் தேடிப் பார்த்தார். அப்படி ஓர் ஊரே இல்லை.

இப்போது ஆசிரியருக்கு இருக்கும் பயம் இதுதான். நன்றாக எழுதப்பட்ட யோசனையைப் பார்த்தாலே சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொருள் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் அலைந்த அந்த ஒரு வாரம்தான் அது.

என் அனுபவம் ஒன்று. ஒரு தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தது. சட்டப்படி உரிய நாளில் நோட்டீஸ் கொடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் அறிக்கை விட்டது. கடிதத்தின் நகலையும் தந்தது. தேதி மூன்று. எல்லாம் சரியாக இருந்தது. வேலை இழந்த ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கிளம்பும்போது, “இதையும் பாருங்க” என்று இழுப்பறையிலிருந்து கடிதத்தை உறையோடு எடுத்துக் கொடுத்தார். உறையின் மூலையில் தபால் முத்திரை பாதி மங்கியிருந்தது. ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். தேதி பத்தொன்பது. மற்ற வீடுகளுக்கும் போய் உறைகளைக் கேட்டேன். சிலர் கிழித்துப் போட்டிருந்தார்கள், ஐந்து பேர் வைத்திருந்தார்கள். ஐந்திலும் பத்தொன்பது. கட்டுரையே அந்த ஐந்து உறைகள்தான். அவை எந்தத் தளத்திலும் இல்லை. இல்லாததை எந்தக் கருவியும் சுருக்கித் தர முடியாது.

அதனால் யோசனை அனுப்பும்போது நடையைப் பளபளப்பாக்குவதில் நேரம் செலவிடாதீர்கள். யாரைச் சந்தித்தீர்கள், எப்போது, என்ன ஆவணம் கையில் இருக்கிறது, ஒலிப்பதிவு எத்தனை மணி நேரம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். சரிபார்க்கக் கேட்டால் தருவேன் என்றும் எழுதுங்கள். யார் பெயரை மறைக்க வேண்டுமோ அதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி. ‘வெளியானதும் பணம்’ என்ற ஒப்பந்தத்தில் இனி கையெழுத்துப் போடாதீர்கள். என் கட்டுரை ஒன்றை ஓர் இதழ் எட்டு மாதம் வைத்திருந்தது. வெளியாகாததால் நான் இன்வாய்ஸ்கூட அனுப்ப முடியவில்லை. ‘ஒப்படைத்த 30 நாளில்’ என்று எழுதி வாங்குங்கள். ஏற்றுக்கொண்ட கட்டுரையை வெளியிடாவிட்டால் என்ன தருவார்கள் என்பதையும், அதாவது கில் ஃபீயையும், அதிலேயே கேளுங்கள். நியூயார்க் நகரில் 2017 முதல் ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தமும், நாள் குறிக்காவிட்டால் 30 நாளில் பணமும் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்தில் ஒப்பந்தம்தான் துணை. மூடிய இதழ் தர வேண்டிய இரண்டு கட்டுரைப் பணத்துக்கு, உரிமையாளருக்கு இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். அவர்களிடம் பாக்கி நிற்கும் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் சேர்ந்து கேட்கும்போது பதில் வர வாய்ப்பு அதிகம்.

தொழிலில் இருக்கலாமா என்று கேட்டீர்கள். இருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வருமானத்துக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். மொழிபெயர்ப்போ பிழைதிருத்தமோ வகுப்பெடுப்பதோ, மாதம் தவறாமல் கொஞ்சம் வரும் வேலை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை பயம் இல்லாதபோதுதான் ஐந்தாவது வீட்டுக்கும் போய் உறையைக் கேட்கத் தோன்றும்.

இன்னொன்று. அந்த மூன்று செவிலியர்களும் இரவுப்பணி முடித்து, தூங்க வேண்டிய நேரத்தில் உங்களிடம் பேசியிருப்பார்கள். கட்டுரை என்ன ஆயிற்று என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். ஐந்தாவது ஆசிரியருக்கு எழுதுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு போன் போட்டு விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.