இபெஜி சிற்பம் என்றால் என்ன? அதை ஏன் குழந்தை போலப் பராமரித்தார்கள்?

இபெஜி என்பது தென்மேற்கு நைஜீரியாவில் வாழும் யொரூபா மக்கள் இரட்டைக் குழந்தைகளுக்காகச் செதுக்கிய சின்ன மரச்சிலை. உயரம் பெரும்பாலும் ஒரு அடிக்குள்தான் இருக்கும். உலகிலேயே இரட்டைப் பிறப்பு மிக அதிகமாக உள்ள மக்களில் யொரூபாக்களும் அடங்குவர். ஆனால் இரட்டையரில் ஒன்று பிழைக்காமல் போவது அந்தக் காலத்தில் சகஜம்.

சரி, சிலை எதற்கு? இரட்டையர் இருவருக்கும் ஆன்மா ஒன்றே என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருவர் போய்விட்டால் அந்த ஆன்மா நிலை தடுமாறும், உயிரோடு இருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து வரும். அதனால் குறி சொல்லும் பாபலாவோவிடம் கேட்டு, சிற்பியிடம் சொல்லி, இறந்த பிள்ளையின் ஆன்மா தங்குவதற்காகச் சிலை செய்வார்கள். அப்புறம் தாய் அதைக் குளிப்பாட்டுவாள், சிவப்பு மரத்தூள் பூசுவாள், உணவு ஊட்டுவாள், மணிமாலை போடுவாள். நம் வீடுகளில் இறந்தவர் படத்துக்கு மாலை போட்டு, பிடித்த பலகாரம் படைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சிலைகள் பலவற்றில் கண், மூக்கு எல்லாம் மழுங்கியிருக்கும். பல வருடங்கள் கையால் தேய்த்துக் கழுவியதன் அடையாளம் அது. என்னைப் பொறுத்தவரை, செதுக்கிய வேலைப்பாட்டைவிட அந்தத் தேய்மானம்தான் மதிப்புமிக்கது.

சிலர் இதை இறந்த குழந்தையின் உருவப்படம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல, குழந்தைக்கான சிலையாக இருந்தாலும் வளர்ந்த ஆண் அல்லது பெண்ணின் உடலோடுதான் செதுக்குவார்கள்.