கருப்பு ஃபியட்டில் ஒரு மஞ்சள் டீ-ஷர்ட்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று மணி நேரத்தில் 340 படம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. அம்பாசிடர்கள் எல்லாம் 'விற்பனைக்கு' என்று போடும் விளம்பரம் மாதிரி இருக்கின்றன. கருப்பு ஃபியட்டின் கதவில் என் மஞ்சள் டீ-ஷர்ட் பளிச்சென்று தெரிகிறது. லென்ஸ் முன்னால் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். வாங்கலாமா? அடுத்த முறை ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர் பின்னணியில் வருகிற மாதிரி எடுக்கவும் யோசனை இருக்கிறது.

இன்னொன்று. ஆல்டர் செய்த வண்டிகளும் நின்றன. பளபளப்பில்லாத மேட் கருப்பு ஸ்டிக்கர் சுற்றிய கான்டெஸா, பெரிய டயர் மாட்டிய ஜீப். அவற்றைப் படம் எடுப்பதே பழைய கார்களுக்குச் செய்யும் துரோகம் என்று அதே நண்பன் சண்டை போடுகிறான். சில படங்களை இணைத்திருக்கிறேன்.

ச.

*

அன்புள்ள ச.,

பதினோரு மணி என்றதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. உச்சி வெயிலில் கூரையும் பானட்டும் வெளுத்துப்போகும், கதவுக்குக் கீழே இருட்டிவிடும். ஆனால் அந்த மஞ்சள் டீ-ஷர்ட் நீங்கள் எத்தனை மணிக்குப் போயிருந்தாலும் வந்திருக்கும். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம்.

காரின் பெயின்ட் ஒரு கண்ணாடி. கருப்பு என்றால் நிலைக்கண்ணாடியேதான். காரின் வளைவைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அதில் விழுந்திருக்கும் வானத்தையும் தார்ச்சாலையையும் எதிர்க்கடையையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். படம் எடுக்கும்போது காருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதுதான் கதவில் வந்து உட்காருகிறது. நான் ஒரு காரை எடுக்கப் போனால் முதலில் காருக்கு முதுகைக் காட்டி நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

கடற்கரைச் சாலை இதற்கென்றே கட்டியதுபோல இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே கட்டடங்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் முக்கால்வாசி கட்டடப் பக்கம் நின்று, கடல் பின்னணியில் வரவேண்டும் என்று எடுத்தவை. கடல் வந்திருக்கிறது, சரி. கதவுகளில் மின்கம்பி, பெயர்ப்பலகை, கூட்டம், அப்புறம் நீங்கள். சாலையைக் கடந்து கடலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தால் கதவின் மேல்பாதியில் வானமும் கீழ்ப்பாதியில் தரையும் விழுந்து, நடுவே அடிவானம் ஒரு கோடாக ஹெட்லைட்டிலிருந்து டெயில் லைட் வரை ஓடியிருக்கும். அம்பாசிடரில் அந்தக் கோடு சக்கரங்களுக்கு மேலுள்ள ஃபெண்டர் மேடுகளில் ஏறி இறங்கும். கான்டெஸாவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி போகும். வண்டியின் உடம்பைக் கண்ணுக்குக் காட்டுவது அந்தக் கோடுதான். உங்கள் முதுகுக்குப் பின்னால் பஜ்ஜி வண்டி நின்றால் கோடு பத்துத் துண்டாகும்.

நேரம் என்றால் மாலைதான். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். காலையில் கார்கள் உள்ளே வரும்போதே கடலுக்கு மேல் வெயில் ஏறியிருக்கும். பிற்பகலில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியதும் சாலை முழுக்க நிழல். கடல் மேல் வானம் மட்டும் வெளிச்சமாக இருக்கும். எந்த ஸ்டுடியோவிலும் அவ்வளவு பெரிய விளக்கு கிடையாது. பெரும்பாலோர் மதியச் சாப்பாட்டோடு வீட்டுக்குப் போய்விடுவதால் கூட்டமும் குறையும்.

மஞ்சள் சுவர் யோசனையைத் திருப்பிப் போடுங்கள். வெள்ளை அம்பாசிடரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, சுவரில் சாய்ந்து நின்று எடுத்துப் பாருங்கள். சுவரின் மஞ்சள் கதவில் இறங்கியிருக்கும். காருக்குப் பின்னால் சுவர் வரும் படத்தைத்தான் கல்யாண ஆல்பக்காரர்கள் தினமும் எடுக்கிறார்களே.

உங்களை எப்படி மறைப்பது? கருநீலமோ கருப்போ ஒரு சட்டை போட்டுப் போங்கள். கதவுக்கு நேர் எதிரே நின்றால் கதவில் நீங்கள் இருந்தே தீருவீர்கள். சாய்வாக நின்றால் உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது வருவார். அவர் நகரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

போலரைசர் வாங்கலாம், அது எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்கினால். விண்ட்ஷீல்டிலும் பெயின்ட்டிலும் உள்ள பிரதிபலிப்பைச் சில கோணங்களில் குறைக்கும். குரோம் பம்பரிலும் சக்கரத்தின் நடுவை மூடும் வீல் கப்பிலும் ஒன்றும் நடக்காது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்த ஃபில்டரால் வடிகட்ட முடியாது. சில வண்டிகளின் பின்கண்ணாடியில் திட்டுத்திட்டாகக் கறை மாதிரி தெரியும். கண்ணாடியைச் சூடாக்கிக் கடினப்படுத்தும்போது அதில் தங்கிவிட்ட இறுக்கம் அது, ஃபில்டர் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கும் மேலான வெளிச்சத்தையும் தின்றுவிடும். பிரதிபலிப்பை முழுக்கத் துடைத்துவிட்டால் கார் களிமண் பொம்மையாகிவிடும் என்பது என் அனுபவம். ஃபில்டரின் வளையத்தை அரைவாசி திருப்பி நிறுத்துங்கள்.

விளம்பரப் படம் மாதிரி இருப்பதற்குக் காரணம் நீங்கள் நின்றுகொண்டே எடுத்தது. நின்ற உயரத்திலிருந்து அம்பாசிடர் கவிழ்த்த சட்டி. முட்டி போட்டு ஹெட்லைட் உயரத்துக்கு வாருங்கள். செல்போனின் அகல லென்ஸோடு கிட்டே போனால் மூக்கு வீங்கும். ஐந்தாறு மீட்டர் பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். உரிமையாளர் அனுமதித்தால் ஸ்டியரிங்கை நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிராக ஒடிக்கச் சொல்லுங்கள். டயரின் முகம் போய் வீல் கப்பின் முகம் வரும். வெள்ளைக் காருக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். கருப்புக்குக் குறையுங்கள்.

பெல்ட் பக்கிளையும் கவனியுங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய காரின் உள்ளே டேஷ்போர்டை எடுக்கிறேன் என்று கதவில் சாய்ந்துவிட்டேன். அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மஞ்சள் துணியை எடுத்து, நான் கீறிய இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்தால் போகிற கீறல் இல்லை. அன்றிலிருந்து பெல்ட் போடாமல்தான் போகிறேன்.

பானட்டைத் திறந்துவைத்த கார்களை ஏன் இத்தனை எடுத்தீர்கள்? பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கின்றன. ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மட்டும் விலக்கு. அதில் முன்பக்கம் மொத்தமும் ஃபெண்டரோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும், பார்க்க அழகு. நீங்கள் அனுப்பியதில் உள்ள ஹெரால்டுக்கு நான்கு கதவு. பிரிட்டனில் அது இரண்டு கதவோடுதான் வந்தது, நான்கு கதவு வைத்தது சென்னையில். பக்கவாட்டில் ஒரு படமாவது எடுத்திருக்கலாம்.

இனி துரோகம். சட்டம் உங்கள் நண்பர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 'விஏ' எழுத்தோடு தனிப் பதிவு எண் கொடுக்கும் 2021 விதியும் அசல் வடிவத்தைத்தான் கேட்கிறது. ஆனால் அது ஆர்டிஓ பார்க்க வேண்டிய விஷயம். எனக்கும் ஆல்டர் செய்த கான்டெஸா பிடிக்காது, இருந்தும் எடுப்பேன். மேட் ஸ்டிக்கரில் பிரதிபலிப்பு வராது, அதனால் மேலே சொன்ன அடிவானக் கோட்டு வித்தை அங்கே செல்லாது. பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் வெயில் வேண்டும், மேடு பள்ளத்தை நிழல்தான் காட்டும். கடற்கரைச் சாலையில் காலை வெயில் உதவுகிற ஒரே வண்டி அதுதான். எட்டு மணிக்கு மேட் வண்டி, நாலரைக்கு மேல் மற்றவை, நடுவில் சாப்பாடு.

கடைசியாக, 'தேறாதவை' என்று நீங்கள் அனுப்பியதில் ஏழாவது படம். அம்பாசிடரின் வீல் கப் மட்டும். அந்தக் குண்டுக் குரோமுக்குள் சாலை முழுவதும் வளைந்து கிடக்கிறது. ஓரத்தில் கடல், ஒரு பலூன்காரர், அடுத்த காரைத் துடைக்கும் டிரைவர், நடுவே குனிந்த மஞ்சள் புள்ளியாக நீங்கள். அதன் அசல் ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். பலூன்காரர் கையில் இருப்பது எத்தனை பலூன் என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.