கை மரத்தால் நரம்புத் தளர்ச்சியா?

முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு வலது கை மரத்து முழிப்பு வந்துவிடுகிறது. உதறினால்தான் சரியாகிறது. பகலில் இலை கையிலிருந்து நழுவுகிறது. நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள், சத்து ஊசி போடலாமா?"

ஊசியை அப்புறம் பார்க்கலாம் அக்கா, எந்த விரல் மரக்கிறது என்று முதலில் கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பிவிடுகிறது என்றால் பெரும்பாலும் மணிக்கட்டில் ஒரே ஒரு நரம்பு நசுங்குகிறது, அவ்வளவுதான். உடம்பு நரம்பெல்லாம் தளர்ந்துவிடவில்லை.

குளுக்கோஸ் ஏற்றும்போது "நரம்பு கிடைக்கவில்லை" என்போமே, அது ரத்தக்குழாய். நிஜமான நரம்பு தண்டுவடத்திலிருந்து 31 ஜோடியாகக் கிளம்புகிறது. கழுத்துப் பக்கம் கிளம்புபவை பின்னிப் பிரிந்து கைக்கு வருகின்றன. அதில் மீடியன் நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகலான வழியில் நுழைய வேண்டும்: அடியில் சின்னச் சின்ன எலும்புகள், மேலே கெட்டியான நார்ப்பட்டை, உள்ளே விரலை மடக்கும் 9 தசைநாண்கள். சுளகை மடியில் வைத்து இலையை உருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி என்று நாள் முழுக்க ஒரே அசைவாகச் செய்யும்போது அந்த வழிக்குள் வீக்கம் வரலாம். எலும்பும் பட்டையும் விட்டுக்கொடுக்காது, நெருக்கடியெல்லாம் நரம்புக்குத்தான். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் இன்னும் இறுகும். சுண்டுவிரல் நரம்பு இந்த வழியில் வருவதில்லை. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுர்ரென்று ஷாக் அடிக்குமே, அதுதான் அந்த நரம்பு.

இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அந்த விரல்களில் மதமதப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், ஆறு வாரம் ராத்திரி கட்டிப் படுங்கள். வேலைக்கு நடுவில் கையை நீட்டி ஓய்வு கொடுங்கள். கூலி எண்ணிக்கைக்கு என்பதால் இது கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சர்க்கரையும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு பாதமும் மரத்தால் சர்க்கரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் ஊசி போடலாம், ஆனால் நசுங்கும் நரம்பை ஊசி விடுவிக்காது.

கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேட்டை இரண்டு கையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலது கையில் அது வற்றியிருந்தால் பட்டையோடு காத்திருக்க வேண்டாம், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் நரம்பு டாக்டரைப் பாருங்கள். அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடும் சின்ன ஆபரேஷன் இருக்கிறது. முழுக்க வற்றிய சதை மட்டும் திரும்ப வருவது கஷ்டம்.