‘குவாரன்டீன்’: எந்த இடத்தில், எந்த வாக்கியத்தில்?

கேள்வி: கோவையில் ஒரு கால்நடை மருத்துவமனையில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் மெயிலும் வாட்ஸ்ஆப்பும் அனுப்புவது என் வேலை. புதிதாக வாங்கிய நாய்க்குட்டியை இரண்டு வாரம் தனியாக வைக்கச் சொல்வார் டாக்டர். அதை ‘தி பப்பி இஸ் குவாரன்டைன் ஃபார் 14 டேஸ்’ என்று எழுதி அனுப்பினேன். தப்பு என்றார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதில் ‘ஐசோலேஷன்’ போடலாமா? நாய் கடித்த கேஸ்களிலும் இதே வார்த்தையைப் போடலாமா? கூண்டில் மாட்டும் பலகையில் என்ன எழுதுவது?

பதில்: முதலில் அந்த வாக்கியத்தைச் சரிசெய்துவிடுவோம். குவாரன்டீன் என்ற சொல் பெயர்ச்சொல்லாக வரும், வினைச்சொல்லாகவும் வரும். ‘சிக்’, ‘ஹெல்தி’ போலப் பெயரடையாக ‘இஸ்’ஸுக்குப் பின்னால் நேராக வந்து உட்காராது. ‘தி பப்பி இஸ் சிக்’ என்றால் குட்டிக்கு உடம்பு சரியில்லை. ‘தி பப்பி இஸ் குவாரன்டீன்’ என்றால் அந்தக் குட்டிதான் குவாரன்டீன் என்றாகிவிடும். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் முன்னால் ‘இன்’ போடுங்கள்: ‘தி பப்பி இஸ் இன் குவாரன்டீன்.’ வினையாக வேண்டுமென்றால் பின்னால் ‘டி’ சேருங்கள் (‘ஈ’ ஏற்கெனவே இருக்கிறது): ‘தி பப்பி இஸ் பீயிங் குவாரன்டீன்ட்.’ இரண்டில் ஒன்றுதான். ‘இன் குவாரன்டீன்ட்’ என்று இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் நிறைய. அதுவும் தப்பு.

‘இன்’னுக்குப் பதிலாக ‘அண்டர்’ வரலாமா? வரும். ‘அண்டர் குவாரன்டீன்’ என்றால் அரசோ அதிகாரியோ போட்ட உத்தரவின் வாடை அடிக்கும். ஒரு கப்பலை, ஒரு கிராமத்தை, ஒரு பண்ணையை அப்படிச் சொல்லலாம். டாக்டர் சொல்லி வீட்டின் பின்பக்க அறையில் படுத்திருக்கும் லேப்ரடார் குட்டிக்கு ‘இன்’ போதும்.

அடுத்து நாட்கணக்கு. இனிமேல் நடக்கப்போவது என்றால் ‘ஷி வில் பி இன் குவாரன்டீன் ஃபார் 14 டேஸ்.’ ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றால் ‘ஷி ஹேஸ் பீன் இன் குவாரன்டீன் சின்ஸ் மண்டே.’ இங்கே ‘ஷி இஸ் இன் குவாரன்டீன் சின்ஸ் மண்டே’ என்றுதான் நம் கை போகும். தமிழில் ‘திங்கட்கிழமையிலிருந்து இருக்கிறாள்’ என்று சொல்லிப் பழகிய பழக்கம் அது. ‘ஹேஸ் பீன்’ இல்லாமல் அங்கே ‘சின்ஸ்’ நிற்காது. நாட்களை முன்னால் கொண்டுவந்தால் ‘டேஸ்’ஸில் இருக்கும் ‘எஸ்’ போய்விடும்: ‘எ 14-டே குவாரன்டீன்.’ நடுவில் சிறு கோடு வேண்டும், முன்னால் ‘எ’ வேண்டும். ‘14 டேஸ் குவாரன்டீன்’ என்று செய்தித்தாள்களே எழுதுகின்றன. அவர்கள் எழுதட்டும், உங்கள் மெயிலில் வேண்டாம்.

இந்த ‘எ’ எப்போது வரும், எப்போது வராது என்பதையும் பார்த்துவிடுவோம். பொதுவான நிலையைச் சொல்லும்போது வராது: ‘இன் குவாரன்டீன்’, ‘ஆஃப்டர் குவாரன்டீன்’. இத்தனை நாள் என்றோ, இன்னார் போட்டது என்றோ ஒரு குறிப்பிட்ட குவாரன்டீனைச் சொல்லும்போது வரும்: ‘எ டூ-வீக் குவாரன்டீன்’, ‘இம்போஸ் எ குவாரன்டீன் ஆன்’.

உச்சரிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் எழுதிய எழுத்திலேயே தெரிகிறது. கடைசி அசை ‘டைன்’ அல்ல, ‘டீன்’. ‘மெஷின்’, ‘மேகசின்’ இவற்றின் முடிவில் வரும் அதே ஒலியைக் கொஞ்சம் நீட்டினால் சரி. ‘வேலன்டைன்’ என்ற சொல்லைப் பார்த்துப் பழகிய கண் இதையும் அப்படியே வாசித்துவிடுகிறது. அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். எழுத்துக்கூட்டும்போது ‘ஆர்’ ஒன்றுதான், இரண்டு அல்ல. ‘குவாரன்டீனிங்’ என்று எழுதும்போது கடைசி ‘ஈ’ விழுந்துவிடும்.

இப்போது ஐசோலேஷன். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழில் இரண்டையும் ‘தனிமைப்படுத்துதல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். 2020-ல் வீட்டுக் கதவுகளில் ஒட்டிய ஸ்டிக்கர்களும் இந்தச் சொல்லைத்தான் தாங்கி நின்றன, உள்ளே இருந்தவர் நோயாளியா, நோயாளியோடு பழகியவரா என்ற வித்தியாசம் இல்லாமல். ஆங்கிலத்தில் மருத்துவர்கள் இரண்டையும் பிரித்துத்தான் பேசுவார்கள். நோய் வந்துவிட்டது என்று தெரிந்தவரை ஒதுக்கி வைப்பது ஐசோலேஷன். நோய் தொற்றியிருக்கலாம், இன்னும் தெரியவில்லை என்பவரை ஒதுக்கி வைத்துக் காத்திருப்பது குவாரன்டீன். ஆக குவாரன்டீனுக்குள் எப்போதும் ஒரு சந்தேகமும் ஒரு கெடுவும் இருக்கும். கெடு முடியும்வரை ஒன்றும் வரவில்லை என்றால் வெளியே விட்டுவிடுவார்கள்.

உங்கள் மருத்துவமனையையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் உறுதியாகி, வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடக்கும் குட்டி ‘இன் ஐசோலேஷன்’. துள்ளிக் குதித்துக்கொண்டு இப்போதுதான் பண்ணையிலிருந்து வந்திறங்கிய குட்டி ‘இன் குவாரன்டீன்’. தொற்றிய நோய் வெளியே தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதால்தான் டாக்டர் இரண்டு வாரம் கேட்கிறார். இரண்டாவது குட்டியின் சொந்தக்காரருக்கு ‘யுவர் பப்பி இஸ் இன் ஐசோலேஷன்’ என்று அனுப்பிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் போன் வரும், ‘என் குட்டிக்கு என்ன ஆச்சு?’ என்று.

நாய் கடித்த கேஸ் வேறு. கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பார்கள். கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நோய் வெளியே தெரிந்துவிடும் என்பது கணக்கு. அமெரிக்காவில் இதை ‘எ டென்-டே குவாரன்டீன்’ என்றே சொல்வது உண்டு. நம் ஊர் மருத்துவக் குறிப்புகளில் ‘அண்டர் அப்சர்வேஷன்’ என்பதுதான் புழக்கம். நீங்களும் அப்படியே எழுதுங்கள்: ‘ப்ளீஸ் கீப் தி டாக் அண்டர் அப்சர்வேஷன் ஃபார் டென் டேஸ்.’ கூடவே இன்னொரு வரி, இது ஆங்கிலத்துக்காக அல்ல: கடிபட்டவர் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

கெடு என்றேன். அந்தக் கெடு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1377-ல் ரகூசா துறைமுகம், அதாவது இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக், பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வந்தவர்களை முப்பது நாள் ஒதுக்கி வைத்தது. பிற்பாடு அது நாற்பது நாளானது. வெனிஸ்காரர்கள் பேச்சில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் குவாரன்டீன் வந்தது. இன்றைக்கு ஆறு நாளாக இருந்தாலும் குவாரன்டீன்தான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை பிடித்து வைப்பார்கள். 1969-ல் நிலவுக்குப் போய் வந்த அப்பல்லோ 11 வீரர்களுக்கு 21 நாள். நிலவிலிருந்து ஏதாவது கிருமி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம். ஆங்கிலத்தில் எழுதினால் ‘தி அஸ்ட்ரோனாட்ஸ் வேர் குவாரன்டீன்ட் ஃபார் 21 டேஸ்.’ அவர்களுக்கு நோய் இல்லை, சந்தேகம் மட்டும்தான். ஆகவே இங்கே ‘ஐசோலேட்டட்’ பொருந்தாது.

நம் பக்கத்திலும் இந்தச் சொல்லுக்கு ஒரு நீண்ட கதை உண்டு. ராமேசுவரம் ரயிலில் போகிறவர்கள் ‘மண்டபம் கேம்ப்’ என்ற நிறுத்தத்தைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் தொழிலாளர்களைக் கடல் கடக்கும் முன் நிறுத்தி வைத்த இடம் அது. பிளேக், காலரா, அம்மை போன்றவை இலங்கைக்குள் போய்விடக் கூடாதென்று. அந்தக் கால ஆவணங்களில் அது ‘குவாரன்டீன் கேம்ப்’. இப்படி இன்னொரு பெயர்ச்சொல்லின் முன்னால் அப்படியே ஒட்டிக்கொள்வதும் இந்தச் சொல்லுக்குக் கைவந்தது: ‘குவாரன்டீன் ஸ்டேஷன்’, ‘குவாரன்டீன் பீரியட்’, ‘குவாரன்டீன் ரூம்’. ‘குவாரன்டீன்ட் ரூம்’ என்றால் அந்த அறைக்கே தடை போட்டதாகப் பொருள் மாறும், அதனால் அந்த ‘டி’யை இங்கே கொண்டுவராதீர்கள்.

சொல்லுக்குள் இருக்கும் மென்மையை அரசியல்வாதிகளும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1962 அக்டோபர் 22 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, கியூபாவுக்குப் போகும் தாக்குதல் ஆயுதங்களின் மேல் ‘எ ஸ்ட்ரிக்ட் குவாரன்டீன்’ போடுவதாக அறிவித்தார். செய்தது கடற்படையை வைத்துக் கப்பல்களை மறிப்பது. அதற்கு ஆங்கிலத்தில் ‘பிளாக்கேட்’ என்று சொல் இருக்கிறது. ஆனால் சர்வதேசச் சட்டத்தில் பிளாக்கேட் என்பது போர்ச் செயல். குவாரன்டீன் என்றால் ஏதோ சுகாதார நடவடிக்கை போல ஒலிக்கும். உங்களுக்கு இதிலிருந்து வேண்டியது ‘ஆன்’ என்ற அந்த முன்னிடைச்சொல்தான்: தடை யார் மேல் விழுகிறதோ அதற்கு முன்னால் ‘ஆன்’. ‘தி கவர்ன்மென்ட் இம்போஸ்ட் எ குவாரன்டீன் ஆன் பௌல்ட்ரி ஃபார்ம்ஸ்.’ அதை எடுத்துவிட்டால் ‘லிஃப்ட்’: ‘தி குவாரன்டீன் வாஸ் லிஃப்டட்.’ உள்ளே இருந்தவர் வெளியே வந்தால் ‘கேம் அவுட் ஆஃப் குவாரன்டீன்’, விதியை மீறி ஓடினால் ‘புரோக் குவாரன்டீன்’.

கம்ப்யூட்டரிலும் இதே பொருள்தான். ஆன்டிவைரஸ் ஒரு ஃபைலை அழிக்காமல், திறக்கவும் விடாமல் ஒரு மூலையில் பூட்டி வைத்து ‘குவாரன்டீன்ட்’ என்று காட்டும். சந்தேகம் இருக்கிறது, தீர்ப்பு இன்னும் வரவில்லை. வாடிக்கையாளர் அனுப்பிய லேப் ரிப்போர்ட் உங்களுக்கு வரவில்லை என்றால் ‘யுவர் மெயில் மே ஹேவ் பீன் குவாரன்டீன்ட் பை அவர் ஃபில்டர்’ என்று தாராளமாக எழுதலாம்.

அன்றாடப் பேச்சில் ஒரு எச்சரிக்கை. கேம்பிரிட்ஜ் அகராதி 2020-ன் சொல்லாகக் குவாரன்டீனைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டில் அதற்குப் புதுப் பொருளே ஏறியிருந்தது: எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம். அமெரிக்கர்கள் ‘ஐ லேர்ன்ட் டு பேக் டியூரிங் குவாரன்டீன்’ என்பார்கள், நாம் அதற்கு லாக்டவுன் என்போம். ‘ஐ ஆம் குவாரன்டீனிங்’ என்று செயப்படுபொருள் இல்லாமல் சொல்வதும் அப்போதுதான் பரவலானது. பேச்சில் பரவாயில்லை, அலுவலக மெயிலில் ‘ஐ ஆம் இன் குவாரன்டீன்’ பாந்தமாக இருக்கும். சளி பிடித்து இரண்டு நாள் லீவு போடுவதற்கு இந்தச் சொல் வேண்டவே வேண்டாம். ‘ஐ ஹேவ் எ ஃபீவர், சோ ஐ ஆம் ஸ்டேயிங் ஹோம்’ போதும். குவாரன்டீன் என்று போட்டால் மேனேஜர் பதறிப்போய் மொத்த ஆபீசையும் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்.

சரி, உங்கள் மெயில். ‘வீ குவாரன்டீன் ஆல் நியூ பப்பீஸ் ஃபார் 14 டேஸ். புரூனோ இஸ் வெல் அண்ட் ஈட்டிங் நார்மலி. ஹிஸ் குவாரன்டீன் எண்ட்ஸ் ஆன் 20 மே. இஃப் யூ ஹேவ் அதர் டாக்ஸ், ப்ளீஸ் டு நாட் பிரிங் தெம் நியர் ஹிம் அன்டில் தென்.’ தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அனுப்பும்போது முழுதையும் தமிழிலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது. இரண்டாவது வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். குட்டி நலம் என்று படித்த பிறகுதான் சொந்தக்காரருக்கு மற்ற வரிகள் மண்டையில் ஏறும்.

பலகையில் முழு வாக்கியம் தேவையில்லை. பெரிய எழுத்தில் ‘இன் குவாரன்டீன்’, கீழே ‘டு நாட் டச்’. ‘அன்டில் 20 மே’ என்று மட்டும் போட்டால் இருபதாம் தேதியும் சேர்த்தியா இல்லையா என்ற குழப்பம் வரும், அதே தேதியில் காலையிலேயே கூட்டிப்போக வந்து நிற்பார்கள். ‘கோஸ் ஹோம் ஆன் 21 மே’ என்று போகும் தேதியை எழுதிவிடுங்கள்.