காற்று நின்றுபோனால் பாய்மரப் பந்தயப் படகில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

"நடுக்கடலில் காற்றே இல்லாவிட்டால் பந்தயப் படகில் இருப்பவர்களுக்கு ஓய்வுதானே, படுத்துத் தூங்கலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நான் கடலில் அதிகம் களைத்துப்போனது காற்று விழுந்த நாட்களில்தான்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஹவாய்க்குப் போகும் பந்தயம் ஒன்றில், ஆறு பேர் இருந்த படகில் நானும் இருந்தேன். நேர்வழியில் போனால் சுமார் 2,225 கடல் மைல். ஆனால் கோடையில் அந்த வழிக்கு வடக்கே ஒரு பெரிய உயர் அழுத்த மண்டலம் உட்கார்ந்திருக்கும். காற்று அதை வலஞ்சுழியாகச் சுற்றிவரும். நடுவில் மேலிருந்து மெல்லக் கீழே இறங்குமே தவிர, பக்கவாட்டில் நகராது. அதனால் தூரம் கூடினாலும் சரி என்று தெற்கே வளைந்து போவதுதான் வழக்கம். நாங்கள் தூரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தோம். மண்டலம் தெற்கே இறங்கி எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் மதியம் வேகமானியில் 0.0.

முதலில் படுத்துவது சத்தம். காற்றுதான் இல்லை, அலை இருக்கிறது. எங்கோ அடித்த புயலின் நீளமான அலை வந்து படகைப் புரட்டும். பாய் இந்தப் பக்கம் ஓங்கி அறையும், உடனே அந்தப் பக்கம். பாயின் அடிக்கழி கயிற்றை இழுத்துக்கொண்டு தடால் என்று நிற்கும். சில விநாடிக்கு ஒருமுறை யாரோ கதவை அறைந்து சாத்துவதுபோல இரவு முழுக்க. இந்த அடியில் தையல் விட்டுப்போகும், கயிறு தேயும். கடைசியில் பெரிய பாயை இறக்கிக் கட்டிவிட்டோம். பந்தயத்தில் பாயை இறக்குவது மனதுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

துளி மூச்சுக்காற்று வந்தாலும் வேலை தொடங்கிவிடும். மெல்லிய பாயை ஏற்றி, எல்லோரும் ஒரே பக்கம் போய் உட்கார்ந்து படகைச் சாய்த்துப் பிடிப்போம். சாய்ந்தால் பாய் தன் எடையிலேயே தொங்கி வளைவு எடுக்கும், அடிப்பகுதியும் தண்ணீரை உரசுவது குறையும். அப்புறம் யாரும் அசையக்கூடாது. ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து நடந்தால் அந்த அதிர்விலேயே பாயில் நின்ற காற்று உதிர்ந்துவிடும். பாயில் ஒட்டியிருக்கும் கம்பளி நூல் ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்போம். நூல் கிடைமட்டமாக எழுந்தால் காற்று ஓடுகிறது என்று அர்த்தம். எழும், விழும். சுக்கான் பிடிப்பவர் இரண்டு விரலால்தான் பிடிப்பார். வேகம் சுத்தமாகப் போய்விட்டால் சுக்கானுக்குப் படகு கட்டுப்படாது, தன் இஷ்டத்துக்குத் திரும்பி வந்த திசையைப் பார்த்து நிற்கும்.

எஞ்சின் இருக்கிறதே என்று கேட்கலாம். பாய்மரப் பந்தய விதிகளில் 42ஆம் விதி அதைத் தடுக்கிறது. காற்றும் தண்ணீரும்தான் படகை நகர்த்தலாம், ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றப் போவது போன்ற சில சமயங்கள் தவிர. பேட்டரிக்கும் குடிநீர் இயந்திரத்துக்கும் எஞ்சினை ஓட்டுவோம், கியர் போடமாட்டோம். அந்தச் சூட்டோடுதான் கீழே படுக்கவேண்டும். நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் தூக்கம். எழுந்து போனவரின் வியர்வை காயாத படுக்கை.

தினமும் ஒருமுறை மற்ற படகுகள் இருக்கும் இடம் தெரியவரும். எனக்கு அதுதான் மிக மோசமான நேரம். நாங்கள் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டு 11 மைல் நகர்ந்திருப்போம், தெற்கே போனவர்கள் 200 தாண்டியிருப்பார்கள். காற்று நின்ற இரண்டாம் நாளுக்குப் பிறகு எங்கள் தலைவர் அதைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்தினார். அது சரியான முடிவு. அந்த எண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவிடாமல் செய்துகொண்டிருந்தன.

ஆனால் காற்று நின்ற கடல் காட்டுகிற சிலதை வேறு எப்போதும் பார்க்க முடியாது. ஆல்பட்ரோஸ் என்ற பெரிய கடற்பறவை ஒன்று படகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. அகலமான அந்தச் சிறகுக்கும் காற்று வேண்டுமே. நான் போட்ட பிஸ்கட் துண்டை அது தொடவில்லை, வெகுநேரம் கழித்தும் துண்டு அதே இடத்தில் மிதந்தது. அதைச் சுற்றி நகம் அளவுக்குப் பிளாஸ்டிக் துணுக்குகள். முதலில் நுரை என்று நினைத்தேன். 1997இல் சார்ல்ஸ் மூர் என்ற அமெரிக்கப் படகோட்டி ஹவாயிலிருந்து திரும்பும்போது பசிபிக் கடலில் மிதக்கும் இந்தப் பிளாஸ்டிக் குப்பைத் திரளைப் பார்த்துத்தான் உலகுக்குச் சொன்னார். காற்று அடிக்கும் கடலில் அது கண்ணில் படாது. இங்கே ஒவ்வொன்றாக எண்ணலாம்போல இருந்தது. நாங்கள் சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டாம் நாள் விடியற்காலையில் என் முறை. தூரத்தில் தண்ணீர் கறுத்துத் தெரிந்தது, சிற்றலை. பின்கழுத்தில் குளிர்ச்சி பட்டது. நூல் எழுந்தது, விழவில்லை. அப்புறம் படகின் அடியிலிருந்து சளசளவென்று தண்ணீர் ஓடும் சத்தம். நான் யாரையும் கூப்பிடவில்லை. அந்தச் சத்தத்துக்கே தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேரும் எழுந்து வந்து, பேசாமல் பெரிய பாயின் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.